விநாடிக்கு ஐம்பது

ஜூலை 8, செவ்வாய்

காலையில் கடைக்குள் கால் வைத்ததும் முதலாளி ஹமீதண்ணன் சொல்லிவிட்டார். "நாதா, இன்னைக்கு நீ பாளையங்கோட்டை. அந்த உதவி எண் ஆளுங்க மூணாவது தடவை கூப்பிட்டுட்டாங்க. போய் என்னன்னு பாத்து முடிச்சிட்டு வந்திரு."

‘அருகில்’ என்பது மனசு தாங்காதவர்கள் கூப்பிடுகிற எண். காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை யாராவது எடுத்துப் பேசுவார்கள். எடுப்பவர்கள் ஆறு பேர். ஆறு ஊரில், அவரவர் வீட்டில் இருந்துகொண்டு இணையம் வழியாகப் பேசுகிறார்கள். வருகிற அழைப்பை வாங்கி அவர்கள் வீட்டு போனுக்கு அனுப்புகிற சர்வர் பாளை அலுவலகத்தில் இருக்கிறது. போன வருடம் அதை அமைத்துக் கொடுத்தது எங்கள் கடை. வேலை செய்தது நான்.

அலுவலகத்தைப் பார்த்துக்கொள்கிற சங்கரவடிவு மேடம் பதிவேட்டைத் திறந்து வைத்தார். தூத்துக்குடி ஜெசிந்தாவின் பக்கம். ஆறு வாரத்தில் இருபத்து மூன்று இடத்தில் ஒரே வரி: ‘பேசவில்லை. வைத்துவிட்டார்.’

"மத்த அஞ்சு பேருக்கும் சேத்தே நாலுதான். இவங்களுக்கு மட்டும் இருபத்தி மூணு. இவங்களுக்குப் பேச்சு குடுக்கத் தெரியலை, அதான் ஆளுங்க வச்சிருதாங்கன்னு கமிட்டியில சொல்லுதாங்க. ஒண்ணாந்தேதியிலேர்ந்து வேற ஆளைப் போடணும்ங்காங்க. அதுக்கு முன்னால லைனை ஒரு தடவை பாத்திருவோம்னு நான்தான் சொன்னேன்."

பார்த்தேன். நான் எப்போதும் செய்கிற சோதனைதான். பதிவு செய்து வைத்திருக்கும் வானொலிச் செய்தியை இந்தப் பக்கம் ஓடவிட்டு, அந்தப் பக்கம் வந்து சேருகிறதா என்று பார்ப்பது. பிறகு அங்கிருந்து இங்கே. பத்து நிமிடம் ஓடியது. ஒரு சொல்கூடத் தவறவில்லை.

மதியம் பூரி சாப்பிடலாம் என்று ஓட்டலுக்குப் போனேன். இட்லி சாப்பிட்டு வந்தேன்.

ஜூலை 9, புதன்

இன்று இருபது நிமிடம் ஓடவிட்டேன். குறை எதுவும் இல்லை.

ஜெசிந்தா வீட்டு இணைப்பைப் படமாக வரைந்து பார்த்தேன். வீடுகளில் இருக்கும் போனுக்கு இணையத்தில் சொந்த முகவரி கிடையாது. ஒரு காம்பவுண்டுக்குள் ஐம்பது வீடு, தெருவுக்கு ஒரே கதவு எண் என்று வைத்துக்கொள்ளலாம். உள்ளேயிருந்து ஒருவர் கடிதம் அனுப்பினால், வாசலில் நிற்கும் காவலாளி யார் அனுப்பியது என்று குறித்துக்கொள்வான். பதில் வந்ததும் குறிப்பைப் பார்த்து உள்ளே கொடுப்பான். குறிப்பு இல்லாத கடிதத்தை வீசிவிடுவான்.

ஜெசிந்தாவுக்கு இப்படி மூன்று வாசல். மாடியில் அவர் வைத்திருக்கும் சின்ன ரூட்டர் ஒன்று, கீழே தையல் கடையில் இருக்கும் ரூட்டர் ஒன்று, இணையம் கொடுக்கிற கம்பெனி பல நூறு வீட்டுக்குச் சேர்த்து வைத்திருக்கும் வாசல் ஒன்று. ஒரு குரல் துண்டு துண்டாக உடைந்து, மூன்று காவலாளிகளையும் கடந்து, இங்கே வந்து மறுபடி குரலாகச் சேர்கிறது. அழுகிற குரலாக இருந்தால் அழுகையாகவே சேர்கிறது. பதினோரு வருடமாக இந்த வேலை. இன்னும் இது எனக்குப் பழகவில்லை.

‘லைனில் குறை இல்லை’ என்று மேடத்துக்கு மெயில் அனுப்பினேன்.

ஜூலை 10, வியாழன்

தண்ணீர் மோட்டார் மறுபடி நின்றுவிட்டது. மெக்கானிக்கை அம்மாதான் போனில் கூப்பிட்டாள். காஸ் சிலிண்டர் நான் பதிந்தேன், செயலியில்.

ஜூலை 11, வெள்ளி

சங்கரவடிவு மேடம் நேரில் வரச்சொன்னார். மெயிலை அவர் நம்பவில்லை என்று தெரிந்தது. முகத்தில் கோபம் இல்லை.

"ஜெசிந்தாவை எனக்கு நாலு வருசமாத் தெரியும் நாதன். அவங்க ஆளை விரட்டுற ஆள் கிடையாது. ரெக்கார்டிங்கைப் பாத்தா எதாவது தெரியுமா?"

அழைப்புகளெல்லாம் சர்வரில் முப்பது நாள் பதிவாக இருக்கும். அதைக் கேட்க எனக்கு அனுமதி இல்லை; மேடத்துக்கு மட்டும்தான். கூப்பிடுகிறவர்களின் பெயர், எண் எதுவும் திரையில் வராது. ஆளுக்கு ஒரு குறியெண் மட்டும். நான் ஒலியை அணைத்துவிட்டு, குரலின் கோட்டை மட்டும் திரையில் வரவைத்தேன். பேசினால் கோடு மேடு பள்ளமாக இருக்கும். பேசாவிட்டால் தட்டையாக ஓடும்.

417 என்ற குறியெண். ஒவ்வொரு செவ்வாயும் பதினொரு மணிவாக்கில் வருகிற அழைப்பு. ஜூலை முதல் தேதி வந்ததை எடுத்தேன். மேல் கோடு ஜெசிந்தா, கீழ்க் கோடு கூப்பிட்டவர். ஜெசிந்தா முதலில் ஒரு வரி பேசுகிறார். பிறகு இரண்டும் தட்டை. ஒன்றரை நிமிடம் அப்படியே. மறுபடி ஜெசிந்தா கொஞ்சம். அதற்கு அடுத்த நொடி கீழ்க் கோட்டில் ஒரு மேடு. இன்னொரு மேடு. அப்புறம் பெரிதாக, நெருக்கமாக, பல மேடுகள். அழைப்பு முடிகிறது. முடித்து வைத்தது ஜெசிந்தாவின் போன்.

பதிவேட்டில் அந்த அழைப்புக்கு நேராக இருப்பது ‘பேசவில்லை. வைத்துவிட்டார்.’

மேடம் ஹெட்போனை வாங்கிப் போட்டுக்கொண்டார். நான் வராந்தாவில் போய் நின்றேன். சாரல் தூறிக்கொண்டிருந்தது. திரும்பி வந்தபோது ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"‘இருக்கீங்களாம்மா’ன்னு ஜெசிந்தா கேக்காங்க. ‘இருக்கேன்க்கா, வைக்காதீங்க’ன்னு அந்தப் பொண்ணு சொல்லுது. மூணு தடவை சொல்லுது. ஜெசிந்தா காதுல விழவே இல்ல. ‘எப்ப வேணா கூப்பிடும்மா’ன்னு சொல்லி வச்சிட்டாங்க."

எட்டாம் தேதி, நான் இங்கே உட்கார்ந்து வானொலிச் செய்தி ஓட்டிக்கொண்டிருந்த அந்தச் செவ்வாய், 417 கூப்பிடவில்லை.

"உயிருக்கு ஆபத்துன்னா எண்ணை வாங்கி நாங்களே கூப்பிடலாம், விதி இருக்கு. இது அப்படித் தெரியலை. அந்தப் பொண்ணா கூப்பிட்டாத்தான்," என்றார் மேடம்.

ஜூலை 14, திங்கள்

கண்டுபிடித்துவிட்டேன்.

குரல் இணையத்தில் விநாடிக்கு ஐம்பது துண்டாகப் போகும். ஒரு ‘ம்’ சொல்வதற்குள் பத்துப் பதினைந்து துண்டு போய்விடும். இன்று காலையில் ஜெசிந்தாவுக்கு வந்த அழைப்புகளின் துண்டுகளை மட்டும் எண்ணினேன். அவர் பேசும்போது ஐம்பது, ஐம்பது என்று வருகின்றன. அவர் பேச்சை நிறுத்தியதும் பூஜ்யம். சரியாக முப்பது விநாடி அவர் பேசாமல் இருந்தால், கம்பெனி வாசலில் இருக்கும் காவலாளி குறிப்பை அழித்துவிடுகிறான். அதன்பிறகு கூப்பிட்டவர் என்ன பேசினாலும் வாசலிலேயே விழுந்துபோகிறது. ஜெசிந்தா மறுபடி வாய் திறந்தால் வேறு வாசல் எண்ணில் வெளியே வருகிறார். அவர் பேசுவது அங்கே கேட்கிறது. ஆனால் சர்வர் பழைய எண்ணையே தட்டிக்கொண்டிருக்கிறது.

மற்றவர்களுக்கு ஏன் வரவில்லை என்பதையும் பார்த்தேன். அம்பாசமுத்திரத்துக்காரர் எதிராளி பேசும்போதும் நாலு விநாடிக்கு ஒருமுறை ‘சரி’, ‘சொல்லுங்க’, ‘ஆமா’ என்கிறார். நாகர்கோவிலில் இருப்பவர் கேள்வி மேல் கேள்வி கேட்கிறார். ஐந்து பேரில் யாருமே முப்பது விநாடி சும்மா இருந்ததில்லை. முப்பது நாள் பதிவின் கோடுகளையும் பார்த்தேன், ஒரு தடவைகூட இல்லை.

ஜெசிந்தா இருக்கிறார். எதிரே இருப்பவருக்கு வார்த்தை வரவில்லை என்றால் இவர் இடையில் நுழைவதே இல்லை. நாற்பது விநாடி, எழுபது விநாடி. ஒரு அழைப்பில் இரண்டு நிமிடம் பத்து விநாடி. மனிதர்களால் இது முடியும் என்று எனக்குத் தெரியாது. அந்த எண்களைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

பேசாத நேரத்தில் துண்டுகளை அனுப்பாதே என்று ஒரு அமைப்பு போனில் இருக்கிறது. ஜெசிந்தாவின் போனில் மட்டும் அது இயங்குகிறது. அவர் இணைப்பு மெதுவானது, குரல் விட்டு விட்டு வருகிறது என்று மே மாதம் புகார் வந்தபோது, பாரத்தைக் குறைக்க யாரோ அதைப் போட்டிருக்கிறார்கள். மே 26. யார் மாற்றியது என்பதற்கும் ஒரு கட்டம் இருக்கிறது. அந்தப் பக்கத்தை மூடிவிட்டேன்.

ஜூலை 15, செவ்வாய்

அந்த அமைப்பை இங்கிருந்தே எடுத்துவிட்டேன். பாரம் தாங்குகிற மாதிரி குரலைச் சுருக்கி அனுப்பவும் செய்தாயிற்று. ஜெசிந்தா எந்த வாசலில் வந்தாலும் சர்வர் அந்த வாசலுக்கே மாறிக்கொள்ளும்படியும் செய்தேன்.

417 இன்றும் கூப்பிடவில்லை.

இனி மிச்சம் சோதனை. வானொலிச் செய்தி இதற்கு உதவாது. செய்தி வாசிப்பவர் முப்பது விநாடி நிறுத்துவதே இல்லை; அதனால்தான் குறை என் கண்ணில் படவில்லை. இரண்டு பேர் லைனில் பேசாமல் இருந்து, பிறகு ஒருவர் பேசவேண்டும். ஹமீதண்ணன் செய்தால் நன்றாக இருக்கும் என்று சொன்னேன்.

"நான் கோவில்பட்டில மாட்டியிருக்கேன்டே. ரெண்டு வார்த்தை பேச உனக்கென்ன? தூத்துக்குடிக்கே போயிட்டு வந்திரு, அந்த மூணு வாசலையும் நேர்ல பாத்த மாதிரி இருக்கும்."

மெயில் ஒன்று எழுதினேன், ஜெசிந்தாவுக்கு. அழித்துவிட்டேன்.

ஜூலை 17, வியாழன்

எட்டு மணி பஸ். உப்பளம் தாண்டிப் போகிற தெருவில் வீடு. கீழே தையல் கடை, மாடியில் ஜெசிந்தாவும் அவர் கணவரும். கணவர் துறைமுகத்தில் வேலைக்குப் போயிருந்தார். ஜெசிந்தாவுக்கு நாற்பத்தைந்து இருக்கும். கையில் ஊசி நூலோடு கதவைத் திறந்தார். பகலில் கீழ்க் கடைக்குக் கொக்கி தைத்துக் கொடுப்பாராம், அழைப்பு வரும்வரை.

"உக்காருங்க தம்பி. காப்பி குடிச்சிட்டுப் பாக்கலாம்."

ரூட்டர்களைப் பார்த்தேன். கடையில் இருந்தது துணி மூட்டைக்குள் புதைந்து சுட்டுக்கொண்டிருந்தது. எடுத்து ஆணியில் மாட்டினேன். அவர் கேட்காமலே சொன்னார்: "மொதல்ல ஆளு மூச்சு விடுற மாதிரி எதோ கேக்கும் தம்பி. அப்புறம் அதுவும் போயிரும். கிணத்துக்குள்ள இருக்க மாதிரி ஆயிரும். சரி, வச்சிட்டாங்க போலன்னு நானும் வச்சிருவேன். நான் எதோ தப்பாப் பேசிட்டேன்னுதான் நெனச்சேன்."

அப்போதே சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை.

சோதனையை விளக்கினேன். தாளில் எழுதித்தான் காட்டினேன். நான் தெருவில் போய் நின்று, யாரோ ஒருவர் மாதிரி உதவி எண்ணைக் கூப்பிடுவேன். இரண்டு நிமிடம் இருவரும் பேசக்கூடாது. பிறகு நான் பேசுவேன். கேட்டால் பதில் சொல்லவேண்டும். "சரி தம்பி" என்று அழைப்பைத் தன் போனுக்கு வருமாறு வைத்துக்கொண்டார்.

உப்பு லாரிகள் போகிற தெரு. சுவரோரம் நின்று கூப்பிட்டேன். "‘அருகில்’லேர்ந்து பேசுறேன். அவசரமில்ல, எப்பத் தோணுதோ அப்பப் பேசுங்க," என்றார். அதை எனக்காகச் சொன்னாரா, எல்லோரிடமும் சொல்வதுதானா தெரியவில்லை. பிறகு பேசவில்லை.

அவர் பேசாதது எனக்குக் கேட்டது. மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு தடவை ‘டக்’ என்றது. கீழே தையல் மெஷின் ஓடி நின்றது. மூன்று வாசலைத் தாண்டி, கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர் பாளைக்குப் போய்த் திரும்பி, இருபது படிக்கு மேலே இருக்கிற அறையின் சத்தம் என் காதுக்கு வந்துகொண்டிருந்தது. முப்பது விநாடி கடந்தது. மின்விசிறி நிற்கவில்லை. ஒரு நிமிடம். ஒன்றரை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

இரண்டு நிமிடம் முடிந்தது. நான் ‘கேக்குதா’ என்று சொல்லவேண்டும்.

இதை எழுதித்தான் ஆகவேண்டும். எனக்குத் திக்குவாய். இந்த நாட்குறிப்பில்கூட அந்தச் சொல்லை இதுவரை எழுதியதில்லை. என் பெயர் பாக்கியநாதன். ‘பா’ வாயில் நின்றுகொள்ளும் என்பதால் எல்லோரிடமும் நாதன். ‘பூரி’ வராது என்பதால் இட்லி. என் குரலை வைத்துச் சோதனை செய்யவேண்டாம் என்பதற்காகத்தான் வானொலிச் செய்தி. போனில் எனக்குச் சொல் அடைத்துக்கொண்டால் மூன்று விநாடி, அதற்குள் ‘ஹலோ, ஹலோ’ என்பார்கள், ஐந்தில் வைத்துவிடுவார்கள்.

‘கே’ நின்றுவிட்டது. கண்ணை மூடிக்கொண்டேன். லாரி போனது. இன்னொரு லாரி போனது. அவர் ஹலோ என்று சொல்லவில்லை. எனக்காகச் சொல்லை முடித்துக் கொடுக்கவில்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது, அவர் இருந்தார். பிறகு பார்த்தபோது அது நாற்பத்தாறு விநாடி.

"கேக்குதா, அக்கா."

"கேக்குது தம்பி. அப்பலேர்ந்து கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்."

நான் போனை வைக்கவில்லை. மாடிக்குப் போய் நேரில் சொல்லியிருக்கலாம், இருபது படிதான். ஆனால் அந்தச் சுவரோரம் நின்றபடியே போனில் சொன்னேன். அமைப்பைப் போட்டது நான் என்று. மே 26 என்று. நீங்கள் பேசாமல் கேட்டதால்தான் துண்டித்தது என்று. அவர்கள் யாரும் வைக்கவில்லை என்று. இவ்வளவையும் சொல்ல எனக்கு ஏழு நிமிடம் ஆனது. ஒரு இடத்திலும் அவர் குறுக்கே வரவில்லை.

"அப்போ அந்தச் செவ்வாக்கெழமைப் பொண்ணு லைன்லதான் இருந்துச்சா?"

"இருந்தாங்க அக்கா. வைக்காதீங்கன்னு சொன்னாங்க."

அதற்குப் பிறகு அவர் வெகுநேரம் பேசவில்லை. நானும் காத்திருந்தேன். கடைசியில் அவர், "வெயில்ல நிக்காதீங்க. மேல வாங்க, சாப்பிட்டுப் போகலாம்," என்றார். சாளைமீன் குழம்பு. மே 26 பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. கையிலிருந்த சட்டையில் கொக்கியைத் தப்பான பக்கம் தைத்துவிட்டு, அதைப் பிரித்துக்கொண்டே இருந்தார்.

ஜூலை 18, வெள்ளி

சங்கரவடிவு மேடத்திடம் நேரில் சொன்னேன். இருபத்து மூன்று அழைப்பும் என் கைவேலை என்று. கமிட்டிக்குக் கொடுக்க எழுதியும் கொடுத்தேன், பேசாத விநாடிகளின் கணக்கோடு. அவர் அந்த இரண்டு நிமிடம் பத்து விநாடியை விரலால் தொட்டுப் பார்த்தார். "இந்தத் தாளை நானே கொண்டு போறேன்," என்றார்.

ஹமீதண்ணன்: "கண்டுபிடிச்சிட்டேன்னு சொன்னாப் போதாதாடே? நான்தான் பண்ணேன்னு எதுக்குச் சொன்ன?" பிறகு கொஞ்சம் கழித்து, "அடுத்த வருச கான்ட்ராக்டு போச்சு" என்றார். திட்டவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை பார்த்தேன். 417 இல்லை.

ஜூலை 25, வெள்ளி

கமிட்டி கூடியது. ஜெசிந்தாவை மாற்றவில்லை. மற்ற ஐந்து பேரும் அவருடைய அழைப்புகளில் இரண்டு நாள் உட்கார்ந்து பழகவேண்டும் என்று முடிவாம். கான்ட்ராக்டைப் பற்றி அடுத்த கூட்டத்தில்.

மோட்டார் சரியாகிவிட்டது.

ஜூலை 29, செவ்வாய்

சர்வருக்கு பேட்டரி மாற்றவேண்டும் என்று சொல்லிக்கொண்டு பாளைக்குப் போனேன். மாற்றவேண்டியதுதான், ஆனால் இன்றே மாற்றவேண்டும் என்று இல்லை.

பத்தரைக்கு வேலை முடிந்துவிட்டது. பதினொன்று ஏழுக்குத் திரையில் ஒரு வரி வந்தது. 417.

சங்கரவடிவு மேடம் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். ஒலியைத் தொடவில்லை. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டு கோடுகளும் பக்கத்தில் ஓடுகிற எண்களும். ஜெசிந்தா ஒரு வரி சொன்னார். பிறகு இரண்டும் தட்டை. இருபது விநாடி. இருபத்தைந்து. முப்பதில் நான் மூச்சை நிறுத்திவிட்டேன். முப்பத்தொன்று. ஐம்பது, ஐம்பது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஐம்பது. ஒரு நிமிடம். இரண்டு. மூன்று நிமிடம் நாற்பது விநாடி இருவரும் பேசவில்லை, இருவரும் வைக்கவில்லை.

கீழ்க் கோட்டில் ஒரு சின்ன மேடு வந்தது. அடங்கியது. மறுபடி வந்தது, அப்புறம் அடங்கவில்லை.

மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டிருந்தார். "எனக்குத் தெரியலை நாதன். பேசுதாளா?"

ஆமாம் என்று சொல்லப்போனேன், வரவில்லை. அவர் காத்திருந்தார்.

"பேசுறாங்க," என்றேன்.

அழைப்பு ஒரு மணி நேரம் நான்கு நிமிடம் நீடித்தது. முடித்து வைத்தது கூப்பிட்டவர். அந்தப் பெண் யார், என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது, தெரியவும் போவதில்லை. எனக்குத் தெரிந்ததை எழுதிவைக்கிறேன். இங்கிருந்து தூத்துக்குடிக்குப் போன துண்டுகள் ஒரு லட்சத்துத் தொண்ணூற்றிரண்டாயிரம். அங்கிருந்து வந்ததும் அதே அளவு. இங்கிருந்து போனதில் வழியில் தொலைந்தது பதினொன்று. ஜெசிந்தா அனுப்பியதில் முக்கால்வாசிக்கு மேல் அவர் ஒன்றும் பேசாத நேரத்துத் துண்டுகள். ஒவ்வொன்றும் போய்ச் சேர்ந்திருக்கிறது.